முப்பது நடை

காலை ஆறரைக்குச் சரக்கூர்தி வரும். ஊருக்குள் அல்ல. நான்கு கிலோமீட்டர் தள்ளி, தார் முடிகிற இடத்துக்கு. இருபது நிமிடம் கதவைத் திறந்து வைத்திருக்கும். அதற்குள் முள்ளிவிளைக்காரர்கள் தங்கள் பெயர் ஒட்டிய பைகளை எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு கதவை மூடிக்கொண்டு திரும்பிவிடும். உள்ளே ஓட்டுநர் கிடையாது. கெஞ்சிப் பார்க்க ஆள் கிடையாது.

அரிசி, மருந்து, சூரியத்தகட்டின் உதிரிகள் எல்லாவற்றையும் தலையில் வைத்துக்கொண்டு தேரி மணல்மேடுகளில் நடந்து திரும்புவோம். செம்மணலில் நான்கு கிலோமீட்டர் என்றால் தார்ச்சாலையில் எட்டு.

எந்த ஊர்தியும் வழிவலை என்ற வரைபடத்தில் உள்ள பாதையில் மட்டுமே ஓடும். வழிவலையை யாரும் வரைவதில்லை. அது தன்னைத் தானே வரைந்துகொள்கிறது. அடையாளம் உள்ள ஓர் ஊர்தி முப்பது நாளுக்குள் முப்பது நடை போய்வந்தால் அந்தத் தடம் பாதையாகும். முப்பது நாள் எதுவும் போகாத பாதை அழியும். ஒன்பது வருடங்களுக்கு முன் ஆடிக் காற்றில் மணல்மேடு நகர்ந்து எங்கள் சாலைமேல் உட்கார்ந்தது. அள்ளி முடிக்க ஐம்பது நாளாயிற்று. அதற்குள் வழிவலையில் எங்களுக்கு வழி இல்லை. பாதை இல்லாததால் ஊர்தி வரவில்லை. ஊர்தி வராததால் பாதை வரவில்லை. அடுத்த ஆடியில் மணல் திரும்ப வந்தபோது யாரும் மண்வெட்டி எடுக்கவில்லை.

நான் கல்லூரியில் படித்தது நிலவரைவியல். இந்த விதியைத் தேர்வில் விளக்கி எழுதியிருக்கிறேன். எளிமையானது, அழகானது என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன்.

மாசி மாதம் ஒரு மதியம் என் மனைவி எப்சிபாவுக்கு இரத்தப்போக்கு. ஆறு மாதக் கர்ப்பம். அவசர ஊர்தியை அழைத்தேன். பதினோரு நிமிடத்தில் வந்து தார் முடிவில் நின்றது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு எட்டுப் பேர் நடந்தோம். இரண்டாவது மேட்டில் கனியக்கா கட்டிலை இறக்கச் சொன்னார். குனிந்து பார்த்தார். இனி மெதுவாகப் போகலாம் என்றார்.

எப்சிபாவுக்கு இருபத்தாறு வயது. இதைப் பற்றி என்னால் இவ்வளவுதான் எழுத முடியும்.

கனியக்காவின் முழுப்பெயர் லிங்கக்கனி. ஊரின் பம்பு மெக்கானிக். பங்குனியில் அவருடைய முந்திரித்தோப்புக் கொட்டகையைப் பிரித்தபோது ஓலைக்கு அடியில் அது கிடந்தது. மூன்று சக்கரம், முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. ஒவ்வொரு டயரும் ஊதிய பலூன் போலத் தடிமன். கூரை இல்லை, கதவு இல்லை, ஸ்பிரிங்கூட இல்லை. குதிரைமேல் உட்காருவதுபோல் கால் விரித்து உட்கார வேண்டும்.

"எங்க பூட்டன் அரபுநாட்டுல இருந்து கப்பல்ல கொண்டாந்தது," என்றார். "பாலைவனத்துல ஓட்டுத வண்டியாம். இரும்பு வெலைக்குப் போட்டுருவமா?"

"இது மணல்ல ஓடுமாக்கா?"

அவர் என்னைப் பார்த்தார். இரும்பு விலையைப் பற்றி அதன்பின் பேசவில்லை.

மரபு இயந்திரச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வழிவலைக்கு முந்தைய ஓர் இயந்திரம் எது, எந்த ஆண்டில் செய்தது என்று ஐயமின்றிக் காட்ட வேண்டும். நிற்காமல் ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்ட வேண்டும். காட்டினால் அதற்கு அடையாளம் கிடைக்கும். ஊர்வலத்துக்கும் கண்காட்சிக்கும் என்று நினைத்து எழுதிய சட்டம். எங்கே ஓட்டக்கூடாது என்று எழுத மறந்துவிட்டார்கள்.

எஞ்சினில் இருந்த எண்ணைப் படமெடுத்து அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது. ஐந்து குதிரைத்திறன் நீரேற்றி.

கனியக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பூட்டன் பெரிய ஆளுல்லா. வரி குறையும்னு கஸ்டம்ஸ்ல பம்புசெட்டுன்னு சொல்லி, பம்புசெட்டு நம்பரையே அடிச்சிருக்காரு."

"சிரிக்காதீங்கக்கா. பம்புக்கு அடையாளம் தரமாட்டாங்க."

"தந்தா நல்லாத்தான் இருக்கும். தண்ணி எறைச்சிக்கிட்டே ஆஸ்பத்திரிக்குப் போவலாம்."

வண்டியின் இரும்புச் சட்டகத்திலும் ஓர் எண் அடித்திருப்பார்கள் என்று பழைய வரைபடங்களில் கண்டேன். கைப்பிடி சுழல்கிற கழுத்தில். கழுத்தில் எண்ணைக் காணோம். பெயின்ட்தான் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஆடிக்கு முன் ஊரில் உள்ள எல்லா இரும்புக்கும் படகுப் பெயின்ட் அடித்துவிடுவோம். உப்புக்காற்றுக்குப் பயம். கதவுக் கீல், குடத்துக் கைப்பிடி, எதையும் விடுவதில்லை. இந்த வண்டிக்கும் விடவில்லை. உடைந்த கண்ணாடியால் சுரண்டினேன். பச்சை, நீலம், மறுபடி பச்சை, சிவப்பு. பதினொரு பூச்சு.

"மேல ரெண்டும் நான் அடிச்சது," என்றார் கனியக்கா. "நல்லா அடிச்சிருக்கேன், என்ன?"

ஆறாம் நாள் எண் தெரிந்தது. ஐந்தாவது இலக்கம் மூன்றா எட்டா என்று தெரியவில்லை. தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். அப்போதும் தெரியவில்லை. பழைய உதிரிபாகப் பட்டியல்களைப் பார்த்தேன். எட்டு என்றால் பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் இருக்க வேண்டும். இதில் ஸ்பிரிங்குக்கான துளைகூட இல்லை. ஆகவே மூன்று. பதினான்கு படங்களோடு எழுதி அனுப்பினேன். பத்தொன்பது நாள் கழித்து ஒப்புக்கொண்டார்கள்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில் செய்தது.

அடுத்தது ஓட்டம். டயர்களை நகரத்தில் அச்சடித்து வாங்கினேன். பெட்ரோல் இப்போது எங்கும் கிடைக்காது. முந்திரிப்பழத்தில் எரிசாராயம் இறக்கினோம். எஞ்சின் சாராயத்தை அதிகம் குடிக்கும் என்று கனியக்கா கார்புரேட்டரின் துளையைக் கம்பியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கினார். கிளையில் ஒரு பாட்டிலைக் கட்டி, குழாய் போட்டு, கயிற்றை இழுத்தோம். நாற்பதாவது இழுப்பில் உறுமியது. அன்று முதல் பாட்டிலிலேயே தினமும் ஓடவிட்டோம். ஒரு திணறல் இல்லை.

சோதனை நாளில் ஆய்வாளர் இளம்பரிதி நடந்து வந்தார். சப்பாத்து நிறைய மணல்.

"நடந்தா சார் வந்தீங்க?" என்றார் கனியக்கா.

"ஊர்தி வரமாட்டேங்குதேம்மா."

"அப்படியா. எங்களுக்குத் தெரியாதே."

அன்றுதான் முதல்முறையாக வண்டியின் சொந்த டேங்கில் சாராயம் ஊற்றினோம். தோப்பைச் சுற்றி ஓட்டத் தொடங்கினேன். பதினெட்டாவது நிமிடம் எஞ்சின் இருமியது. வேகம் செத்தது. இளம்பரிதி கடிகாரத்தைப் பார்த்தார். சக்கரம் நின்றால் அடுத்த விண்ணப்பம் ஒரு வருடம் கழித்துத்தான்.

டேங்கில் சாராயம் இருக்கிறதா என்று பார்க்க, ஓட்டிக்கொண்டே ஒரு கையால் மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. எஞ்சின் மறுபடி பிடித்துக்கொண்டது. மூடியின் நடுவில் ஊசிமுனை அளவு ஒரு மூச்சுத்துளை இருக்கும். காற்று உள்ளே போனால்தான் சாராயம் கீழே இறங்கும். துளைக்கும் பதினொரு பூச்சு. மூடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மீதி நாற்பத்திரண்டு நிமிடத்தையும் ஓட்டினேன். தொடையெல்லாம் சாராயம் தெறித்தது.

இளம்பரிதி தடப்பொத்தானை எடுத்து வண்டியின் சட்டகத்தில் ஒட்டினார். வண்டி போகிற இடமெல்லாம் அது வழிவலைக்குச் சொல்லும். மரபு இயந்திரம் காணாமல் போகக்கூடாது என்று வைத்த ஏற்பாடு.

"கண்காட்சிக்குத்தானே?"

"இல்ல சார். தார்முடிவுக்கும் ஊருக்கும் ஓட்டப்போறேன். முப்பது நடை."

அவர் கை நின்றது. அவருக்கும் விதி தெரியும். "மனுஷன் ஓட்டுற வண்டி. மணல்ல கவுந்தா எந்த ஊர்தியும் வந்து தூக்காது, பொன்சிங்."

"இப்பவும் தூக்கல சார்."

கையெழுத்துப் போட்டார். திரும்பும்போது அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டேன். அது முதல் நடை.

பன்னிரண்டு நாளில் முப்பது முடிந்தது. அரிசி மூட்டைகள், முழங்கால் வீங்கிய ஒருவர், ஒரு கிரைண்டர் கல். இரண்டு முறை கவிழ்ந்தேன். இரண்டாவது மேட்டைச் சுற்றிப்போக வழி இருந்தது. நான் முப்பது முறையும் அதன்மேல்தான் ஏற்றினேன்.

முப்பதாவது நடை முடிந்த மறுநாள் காலை வழிவலையில் மெல்லிய கோடு தெரிந்தது. அதற்கு முள்ளிவிளை என்று பெயர் இருந்தது. ஒரு மணி நேரத்தில் முதல் ஊர்தி வந்தது. மணலுக்கென்று சக்கரங்களை அகலப்படுத்திக்கொண்டு, வெள்ளையாக, சத்தமில்லாமல். எல்லா வீட்டையும் கடந்து என் வாசலில் நின்றது. பின்கதவு திறந்தது. தூக்குக்கட்டில் தானாக வெளியே நீண்டது.

கதவுத் திரையில் எழுத்துகள் ஓடின. நோயாளி: எப்சிபா பொன்சிங். அழைப்பு: மாசி பதினான்கு. நிலை: வழிக்காகக் காத்திருந்தது, வழி கிடைத்தது. பொறுமைக்கு நன்றி.

கீழே இரண்டு பொத்தான்கள். நோயாளி ஏறிவிட்டார். அழைப்பு தவறானது.

ஊர் கூடி நின்றது. கனியக்கா திரையைப் படித்துவிட்டு என் தோளில் கை வைத்தார். "ஏதாவது ஒண்ண அமுக்கி அனுப்பிருய்யா. ஏன் பாத்துக்கிட்டு நிக்க?"

"எதை அமுக்க? ஏறலை. தவறாவும் கூப்பிடலை."

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

மாலையில் அவசரப் பிரிவிலிருந்து ஒரு பெண் பேசினார். களைத்த குரல். "சார், வண்டி உங்க வாசல்ல ஒன்பது மணி நேரமா நிக்குது. பதில் சொன்னாத்தான் கிளம்பும்."

"சரியான பதில் அதுல இல்ல. மூணாவதா ஒண்ணு சேருங்க."

"என்னன்னு?"

"வழியில்லாததால் இறந்தார்."

"உங்க மனைவிக்கு நடந்ததுக்கு வருத்தப்படுறேன் சார். ஆனா அப்படி ஒரு பொத்தான் வச்சா, எத்தனை ஊர்ல அமுக்குவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அதுக்குத்தான் வைக்கச் சொல்றேன்."

மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். கேட்கட்டும். இன்று நான்காவது நாள். கதவு திறந்தே இருப்பதால் காற்றில் மணல் உள்ளே சேர்கிறது. காலையிலும் மாலையிலும் கனியக்கா துடைப்பத்தோடு வந்து ஊர்தியைப் பெருக்கிவிட்டுப் போகிறார். என்னை எதுவும் கேட்பதில்லை.

திரையில் இன்னும் இரண்டே பொத்தான்கள். நான் தொடவில்லை.