வெள்ளைக்குள் கிளைகள்

சென்னப்பன் மனைவியின் டம்ளரில் மிச்சமிருந்த காபியை எடுத்துக் குடித்தான்.

அகர்பத்தி உருட்டிக்கொண்டிருந்த செல்லக்கண்ணுவின் கை பலகையிலேயே நின்றது. டி.பி. என்று சொன்ன நாளிலிருந்து அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், சுவரோரம் தனிப் பாய். தொற்றிவிடும் என்று மகளையும் சொந்த ஊரான மார்டள்ளியில் விட்டாயிற்று. மாத்திரை தின்று தின்று மூத்திரமே சிவந்துபோனது, இருமல் மட்டும் போகவில்லை. போன வாரம் மைசூரில் பெரிய டாக்டர் ஒருவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படத்தைப் பார்த்தவர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவனிடம் மட்டும் வெகுநேரம் பேசினார். மருந்து கேட்கிறதாம், மகளைச் சீக்கிரம் கூட்டிவந்துவிடலாமாம் என்றான் வெளியே வந்தவன். அவளும் நம்பி, எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி மகளிடம் அதையே சொன்னாள்.

இப்போது, தெருவிளக்கு எரிய ஆரம்பித்த நேரத்தில், சந்தனப் பொடியும் கரியும் ஊறிய அந்த ஒற்றை அறையில், பக்கத்து வீட்டுக் குக்கர் சீறி அடங்கிய பிறகு, அவன் தொண்டையில் காபி இறங்கும் சத்தம் ஒன்றுதான் கேட்டது.

"ஏனுங்க, ஒட்டிக்காதா?"

"அதெல்லாம் ஒட்டாது புள்ள."

"டி.பி. ஒட்டுமுங்க."

அவன் டம்ளரைக் கழுவ எழுந்தான். அவள் விடவில்லை. பிறகு எல்லாம் வந்தது. டி.பி.யே இல்லையாம். நுரையீரலில் அபூர்வமாக வரும் ஒரு நிணநீர்ப் புற்றாக இருக்கலாமாம். எக்ஸ்ரேயில் டி.பி. மாதிரியேதான் தெரியுமாம். ஸ்கேனில்தான் சந்தேகம் வந்ததாம்: அந்த வெள்ளை, சதையைத் தின்று ஓட்டை போடவில்லை, மூச்சுக் குழாய்களை அப்படியே விட்டுவிட்டுச் சுற்றிலும் நிறைந்திருக்கிறது. துளி சதை எடுத்துப் பார்த்தால் உறுதியாகிவிடும், மருந்தும் உண்டு என்றாராம்.

"நாந்தான் வேண்டாம்னுட்டேன். கத்தி பட்டா பரவிரும்னு எல்லாருஞ் சொல்றாங்க. உங்கிட்டச் சொல்ல வேண்டாம்னதும் நாந்தான்."

"அப்ப தெனமும் மாத்திர எடுத்துக் குடுத்தீங்களே?"

"நிறுத்துனா நீ கேப்பே."

அவன் முகத்தில் அப்படியொரு வாஞ்சை. அதைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

எழுந்து, பரணில் செருகியிருந்த ஸ்கேன் படத்தை உருவினாள். டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தாள். வட்டம் வட்டமாக அவளுடைய நெஞ்சு. ஒரு பக்கம் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெள்ளை. அதற்குள் கறுப்பாக, இலையில்லாத கிளைகள்.

கிளைகள் அசைந்தன.

கைதான் நடுங்குகிறது என்று நினைத்தாள். முழங்கையைச் சுவரில் ஊன்றினாள். கை நின்றது.

கிளைகள் நிற்கவில்லை. விரிந்தன. சுருங்கின. வெள்ளை ஒரு நூலளவு முன்னால் வந்தது.

அவள் மூச்சை இறுக்கிப் பிடித்தாள்.

படம் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தது.