வேண்டாம் சொல்பவள்

“வேண்டாம்னு சொல்றதுக்குன்னே ஒரு ஆளுங்களா?” என்று லாஸ்யா அன்றைக்குக் கேட்டாள். “நம்மூர்லயா? நடக்கற காரியமாப் பேசுங்க.”

“நடக்கோணும் கண்ணு,” என்றான் சாய்சரண். “நாங்க கம்ப்யூட்டர்ல கூடிப் பேசற ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒருத்தர். யாருன்னு மத்தவங்களுக்குத் தெரியாது. பேர் போடாம, மூஞ்சி காட்டாம, விருந்தாளின்னு மட்டும் போட்டு உள்ளே வருவாங்க. நாங்க என்ன முடிவு எடுத்தாலும் வேண்டாம்னு சொல்லோணும். சொன்னா ஒரு காரணமும் சொல்லோணும். சும்மா சொல்லக்கூடாது.”

“குரலை வெச்சே கண்டுபிடிச்சுருவீங்களே?”

“கண்டுபிடிச்சாலும் நீயான்னு கேட்டுக்கக் கூடாதுன்னு பேசி வெச்சிருக்கோம்.”

“இங்க யாருங்க மூஞ்சிக்கு நேரா வேண்டாங்கறாங்க? பொண்ணு பார்க்க வந்து புடிக்காமப் போனாக்கூட ‘சரிங்க, கலந்து பேசிட்டுச் சொல்றோம்’னுதான் எந்திரிச்சுப் போவாங்க. நீங்களும் அதைத்தானே சொல்லிட்டுப் போனீங்க?”

“நான் திரும்பி வந்தேனல்ல?”

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். அந்தச் சித்திரைக்குப் பிறகு அவன் சிரித்தது அப்போதுதான். அதனாலேயே அந்தப் பேச்சு அவளுக்குச் சொல் மாறாமல் நினைவில் நின்றது.

சித்திரையில் நடந்தது இதுதான். சாய்சரணின் குழு, பல்லடம் பக்கத்துக் கோழிப்பண்ணைகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறது. கொட்டகைக்குள் சூடு ஏறினால் விசிறிகளைத் தானாகவே ஓட்டுவது அதன் வேலை. அதில் ஒரு மாற்றத்தைச் செய்து உடனே அனுப்பிவிடலாமா என்று அவன் குழுவைக் கேட்டான். எல்லாரும் “சரிங்க” என்றார்கள். கோயம்புத்தூரில் ‘சரிங்க’ என்றால் சம்மதம் என்று பொருளில்லை; நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்று பொருள். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அன்றைக்கு அது மறந்து போயிற்று. மறுநாள் உச்சி வெயிலில் காளிச்சாமி என்பவருடைய கொட்டகையில் விசிறிகள் நின்றுபோயின. சாய்சரண் அங்கே போய்ச் சேர்ந்தபோது, தரையே தெரியாமல், வெள்ளை வெளேரென்று, அலகு பிளந்தபடி கோழிகள். அவன் மன்னிப்புக் கேட்டான். காளிச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு “சரிங்க” என்று மட்டும் சொன்னாராம்.

வீட்டுக்கு வந்து அவன் இரண்டு தடவை குளித்தான். அந்தக் கொட்டகை வாடை போகவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த விருந்தாளி ஏற்பாடு. மேலிடத்தில் அதைப் பாராட்டினார்கள். அவசரமாக அனுப்பவிருந்த மாற்றங்கள் இரண்டு மூன்று, விருந்தாளி சொன்ன காரணத்தால் நின்றன. அந்தக் காரணங்கள் எல்லாமே சரியாக இருந்தன. சாய்சரண் மறுபடி வயிறாரச் சாப்பிட ஆரம்பித்தான். லாஸ்யாவுக்கும் நிம்மதிதான். ஆடி பிறக்கும்வரை.

செவ்வாயும் வெள்ளியும் அவன் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பான். கல்லூரியில் கணக்கு வகுப்புகளை முடித்துக்கொண்டு அவள் சரவணம்பட்டி வீட்டுக்கு வந்து சேரும் நேரத்தில், அவனுடைய அறைக்கதவு சாத்தியிருக்கும்; உள்ளே பேச்சுக்குரல் கேட்கும். காதில் மாட்டிப் பேசினால் வலிக்கிறது என்று அவன் கணினியின் ஒலியைத் திறந்தே வைத்திருப்பான். அதனால் அந்தக் குழுவில் இருக்கும் எல்லாருடைய வீடுகளும் அவளுக்கு அத்துப்படி. ரியாஸ் பேசினால் பின்னால் குக்கர் விசிலடிக்கும். மிஸ்பா பேசினால் உக்கடத்துப் பேருந்துகள் ஒலியெழுப்பும். ஆடி பிறந்து பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று இறங்கியதும் எல்லாருடைய குரலுக்கும் பின்னால் அந்தக் காற்றே வந்து உட்கார்ந்துகொண்டு, ஜன்னலை ஆட்டி, கொடியில் காயும் துணியைப் படபடக்க வைத்து, தகரத்தைத் தட்டி, ஊரே ஒரே ஊதலாக ஊதிக்கொண்டிருந்தது.

அந்த ஒருத்தியின் குரலைத் தவிர.

அது பெண் குரல். இளங்குரல் என்றும் சொல்ல முடியாது, முதிர்ந்தது என்றும் சொல்ல முடியாது. அதற்குப் பின்னால் காற்று இல்லை. பாத்திரச் சத்தம் இல்லை, குழந்தை அழுகை இல்லை, மூச்சு வாங்கும் ஓசைகூட இல்லை. பஞ்சு அடைத்த பெட்டிக்குள்ளிருந்து பேசுவதுபோல, சுத்தமாக, பக்கத்தில், “வேண்டாங்க” என்றது.

ஆனால் லாஸ்யாவைச் சுட்டது அந்தக் குரல் அல்ல. அதற்கு முன் அவன் கேட்ட விதம்.

“நீங்க என்ன நினைக்கறீங்க?”

அவ்வளவு மெதுவாக. அவ்வளவு கவனமாக. பதிலுக்குக் காத்திருக்கிற மனிதனின் குரல்.

கல்யாணமாகி நான்கு வருடமாயிற்று. அவளிடம் அவன் அப்படி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கெட்டவன் இல்லை, கைநிறையப் பூ வாங்கி வருவான், தலைவலி என்றால் பிடித்துவிடுவான். எதைக் கேட்டாலும் “உன்ற இஷ்டம் கண்ணு” என்பான். திரைச்சீலையின் நிறத்துக்கு அந்தப் பதில் போதும். அவளுக்குள் இருந்த ஒரே ஒரு ஆசைக்குப் போதாது. நமக்கு ஒரு குழந்தை வேண்டும் என்பது அந்த ஆசை. அதைத் தானாகப் போய்க் கேட்கக் கூடாது, உனக்கு என்ன வேணும் என்று அவன் கேட்கட்டும், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள். தொண்டைவரை வந்த பேச்சை எத்தனையோ இரவுகளில் விழுங்கியிருக்கிறாள்.

இப்போது எவளோ ஒருத்தியிடம் அவன் கேட்கிறான்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் நல்ல புடவையாக உடுத்திக்கொண்டு, சுக்குக்காபியோடு கதவைத் தள்ளினாள். அவன் திரும்பாமலே கையை உயர்த்தினான். இரு என்று. வகுப்பில் குறுக்கே பேசும் பிள்ளையை நிறுத்துவதுபோல. அறையில் ஏதோ வாடை. சூடேறிய உமி, தவிடு, அதற்கடியில் கண்ணைக் கரிக்கிற ஏதோ ஒன்று. சாக்கடை அடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். காபியை வைத்துவிட்டு வந்தாள். பிறகு போய்ப் பார்த்தபோது அது தொடாமல் ஆறிக் கிடந்தது.

அதற்கப்புறம் அவள் கதவருகே நின்று கேட்கத் தொடங்கினாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நின்றாள்.

“அம்மாவை ஆவணிக்கு முன்னயே கூட்டிட்டு வந்துறலாங்களா?” என்று அவன் கேட்டான்.

வேலைக் கூட்டத்தில் அம்மாவுக்கு என்ன வேலை? அவள் கதவில் இன்னும் ஒட்டினாள்.

“வேண்டாங்க,” என்றது குரல். “அவங்க படி எறங்க மாட்டாங்க.”

“சரிங்க,” என்றான் அவன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சத்தியமங்கலத்து வீட்டில், மொட்டைமாடியில் வடகம் காயப்போட ஏறிய அவனுடைய அம்மா கனகம் படியில் சறுக்கி இடுப்பை முறித்துக்கொண்டாள். மருத்துவமனையில் எல்லாரும் அழுதார்கள். சாய்சரண் அழவில்லை. ஏற்கனவே கேள்விப்பட்ட செய்தியை மறுபடி கேட்பவன்போல, தலையை மட்டும் ஆட்டினான்.

லாஸ்யாவுக்கு அப்போதும் வேறொன்றுதான் உறைத்தது. என் மாமியாரைப் பற்றி அவளிடம் கேட்டிருக்கிறான். என்னிடம் கேட்கவில்லை.

அவள் மிஸ்பாவைப் போனில் கூப்பிட்டாள். குழுவில் நன்றாகப் பேசுகிறவள் அவள்தான்.

“மிஸ்பா, மறைக்காமச் சொல்லு. அந்த வேண்டாம் சொல்ற பொம்பளை யாரு? நீயா?”

“நானாக்கா?” மிஸ்பா வாய்விட்டுச் சிரித்தாள். “சார் டீ நீட்டுனா வேண்டாம்னு சொல்லத் தெரியாம ரெண்டு தடவை குடிக்கற ஆளுக்கா நானு. என்ன, சார் மேல சந்தேகமா? எங்க சாரையா? கம்ப்யூட்டரைத் தவிர ஒண்ணையும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டாரே!”

“விளையாடாதே கண்ணு. உங்க குழுவுல இருக்கற அந்த லோகப்பிரியாவா?”

மிஸ்பாவின் சிரிப்பு நின்றது.

“அக்கா, அந்த விருந்தாளி ஏற்பாட்டை எப்பவோ நிறுத்திப்போட்டோமே. சார் சொல்லலையா?”

“எதுக்கு நிறுத்துனீங்க?”

“ஒரு நாள் நாங்க அல்லாரும் ஆபீஸ்லயே ஒரே மேசையைச் சுத்தி உட்கார்ந்திருந்தோம். சார் மட்டும் ஊட்ல. யாரும் விருந்தாளியா உள்ளே போகலை. ஆனா விருந்தாளி வந்துச்சு. வேண்டாங்கன்னு சொல்லிச்சு. காரணமும் சொல்லிச்சு. நாங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். அடுத்த நாளே ரியாஸ் அண்ணன் அந்த வழியை அடைச்சுட்டாரு. இப்ப அவங்கவங்க வேண்டாங்கற காரணத்தைத் துண்டுச்சீட்டுல எழுதிப் போடறோம்.”

“அப்ப செவ்வாய், வெள்ளி சாயங்காலக் கூட்டம்?”

“சாயங்காலம் கூட்டமே இல்லீங்கக்கா.”

லாஸ்யா போனை வைத்தாள். பயம் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது பயமல்ல. அப்படியானால் ரியாஸ் இல்லை, மிஸ்பா இல்லை, வேறு யாரும் இல்லை. அந்த அறைக்குள் அவனும் அவளும் மட்டும் இருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டுச் சீக்கிரமே கிளம்பினாள். வழியெல்லாம் காற்று, பேருந்துக்குள் மண்ணை வாரி இறைத்தது, வேப்பங்கிளைகளை ஒடித்துச் சாலையில் போட்டது, அவர்களுடைய குடியிருப்பின் வாசலில் யாருடைய போர்வையோ கம்பத்தில் சுற்றிக்கொண்டு கைகால் உதைப்பதுபோல உதறிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து உள்ளே வந்து தாழிட்டாள்.

சட்டென்று காற்றுச் சத்தம் நின்றுபோயிற்று.

ஜன்னல்கள் திறந்துதான் இருந்தன. திரைச்சீலை அசைந்தது. ஓசை மட்டும் வரவில்லை. அந்த உமி வாடை இப்போது கூடத்திலேயே இருந்தது, சித்திரை மாதத்து மதியம்போல வெக்கையாக. சோபாவின்மேல் சாய்சரணின் கணினிப் பை. ஜிப் போட்டபடி. அவனுடைய போன் கூடத்தில், சுவரோரம், மின்னேற்றத்தில் கிடந்தது.

அறைக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவன் பேசிக்கொண்டிருந்தான்.

“லாஸ்யாகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுறட்டுங்களா?”

அவள் நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது. என் பெயர். என்னைக் கேட்கலாமா என்கிறான்.

“வேண்டாங்க.”

காரணத்தைக் குரல் தாழ்த்திச் சொன்னது. லாஸ்யாவுக்குக் கேட்கவில்லை. காதைக் கதவில் அழுத்தினாள். கதவு சுட்டது. ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அந்தக் குரல் சொல்லிக்கொண்டே போயிற்று, நிறையச் சொல்லிற்று, ஒரு பெண்டாட்டியைப் பற்றி இன்னொருத்தி சொல்ல இவ்வளவு இருக்குமா?

“சரிங்க,” என்றான் அவள் கணவன்.

அவள் கதவைத் தள்ளினாள்.

மேசை காலியாக இருந்தது. அவன் நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தான். முழங்கால்மேல் இரண்டு கை. எதிரில் வெறும் வெள்ளைச் சுவர். வேறு யாரும் இல்லை. கட்டிலடியில் இல்லை. கதவுக்குப் பின்னால் இல்லை.

“ஏனுங்க,” என்றாள். அவன் திரும்பவில்லை. மறுபடி சொன்னாள். “ஏனுங்க.”

“அவ வந்துட்டாளுங்க,” என்றான் சுவரிடம். “என்ன பண்ணட்டுங்க?”

பதில் வந்தது. பெண் குரல். சுத்தமாக. பக்கத்தில். அவனுடைய வாயிலிருந்து.

“இருக்கட்டுங்க.”

உதடு அசைந்ததை லாஸ்யா பக்கவாட்டில் பார்த்தாள். தாடை, அவனுடைய தாடைக்குப் பழக்கமில்லாத ஒரு விதத்தில் இறங்கி ஏறியது. கழுத்து நரம்பு புடைத்தது. வாய் மூடிய பிறகும் மீசைக்கடியில் ஒரு புன்னகை நின்றது. அவனுக்கு அப்படிச் சிரிக்கத் தெரியாது.

ஓடு. அறைக்கதவு திறந்துதான் இருக்கிறது. எதிர்வீட்டைக் கூப்பிடு.

அவள் கதவின் விளிம்பைப் பிடித்தபடியே நின்றாள்.

அவன் திரும்பினான். நாற்காலி கிரீச்சிடவில்லை. முகம் முழுக்க வேர்வை. கண்களிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கண்கள் மட்டும் அவனுடையவை. அவை அவளையே பார்த்தன. தலை இப்படியும் அப்படியும், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு, அசைந்தது. சொல்லாதே. சொல்லாதே.

வாய் திறந்தது. இந்த முறை அவன் குரலிலேயே பேசியது. மெதுவாக. கவனமாக. பதிலுக்குக் காத்திருக்கிற குரலில்.

“வா கண்ணு. உனக்கு என்ன வேணும்?”

நான்கு வருடமாகக் காத்திருந்த கேள்வி.

கேட்டது யார் என்று அவளுக்குத் தெரிந்தது. அது வேண்டாம் என்றது எதுவும் அதற்கப்புறம் நடந்ததில்லை என்பதும் தெரிந்தது. சொல்லாமல் வைத்திருந்தால் அந்த ஆசையாவது மிச்சமிருக்கும். வாயை மூடிக்கொள். உதட்டைக் கடி.

ஆனால் அவளைக் கேட்டுவிட்டார்கள். அந்த ஒருத்தியை அல்ல. அவளை. இத்தனை நாளும் அந்தக் குரல் உட்கார்ந்திருந்த இடத்தில், இப்போது, அவள் நிற்கிறாள். இந்த ஒரு தடவையும் விட்டுக்கொடுத்துவிட்டுப் போக வேண்டுமா?

விழுங்கி விழுங்கி வைத்திருந்தது மேலே ஏறி வந்தது. அவனுடைய கண்கள் இறுக மூடிக்கொண்டன. உதடுகள் மட்டும், அவள் பேசி முடிப்பதற்கு முன்பே, ‘வேண்டாங்க’வின் அந்த ‘வே’க்காக மெல்ல விரிந்து, ஆவலோடு காத்திருந்தன.

“நமக்கு ஒரு குழந்தை வேணுங்க,” என்றாள் லாஸ்யா.