போய்ட்டு வரேன்னு சொல்லு

எங்க ஆஸ்பத்திரி எந்த ஊர்ல இருக்குதுன்னு கேக்காதீங்க. பேரச் சொன்னா நாளைக்குப் புள்ளத்தாச்சிப் பொண்ணு ஒருத்தியும் வர மாட்டா. கவரைப்பேட்டை ஸ்டேஷன்ல எறங்கி மாட்டு வண்டில வரணும், சுத்தியும் நெல்லு வயலு, அவ்ளோதான் சொல்லுவேன். நான் அங்க பிரசவ வார்டு ஆயா. பேரு குப்பம்மா. வாயாடின்னு ஊர்ல சொல்லுவாங்க, சொல்லிட்டுப் போறாங்க. பொய் மட்டும் சொல்ல மாட்டேன்.

புது நர்ஸம்மாவ கூட்டியாற ஸ்டேஷனுக்குப் போனது நான்தான். நல்ல கத்திரி வெயிலு. ரயிலு நகர்ந்தப்புறம் பார்த்தா பிளாட்பாரத்துல ஒரு டிரங்குப் பொட்டி, பக்கத்துல ஒரு பொண்ணு. பொட்டிதான் பெருசா இருந்திச்சி. இதுவா நர்ஸு, இத யாரு பாத்துக்கறதுன்னு மனசுக்குள்ள திட்டிக்கினேன்.

பேரு குணசுந்தரி. பள்ளிப்பட்டுப் பக்கம். கல்யாணம் ஆன சுருக்குலயே புருசன் காலரால செத்துப் பூட்டான். மாமியார் ஊட்ல சேத்துக்கல. பொறந்த ஊட்ல அவங்க நைனா, கண்டவங்க பீ மூத்திரம் அள்ளப் போறவ இந்த வாசப்படி ஏறக் கூடாதுன்னுட்டாரு. அதுக்கப்புறமும் மெட்ராஸ்ல தங்கிப் படிச்சி முடிச்சி வந்திருக்காங்க. வண்டில வரப்போ இதெல்லாம் அவங்களே சொன்னாங்க. அழுவாம சொன்னாங்க, எனக்குத்தான் பாவமா இருந்திச்சி.

எங்க வார்டு பழைய கட்டடம். வெள்ளக்காரன் காலத்துல உப்பு மூட்ட போட்டு வெச்சிருந்த எடமாம். எத்தினி தடவ சுண்ணாம்பு அடிச்சாலும் சுவத்துல உப்பு பூத்துக்கினே இருக்கும். வெயில் காலத்துல மத்தியானம் ஆச்சின்னா ஜன்னல எல்லாம் சாத்திடுவோம். வாசப்படில கோணிய நனைச்சித் தொங்க வுடுவோம். வெளிய வெயிலு மண்டயப் பொளக்கும், உள்ள ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியாது. ஈரக் கோணி நாத்தமும் பினாயில் நாத்தமும் சேந்து தொண்டயப் புடிக்கும்.

புது நர்ஸுன்னா சும்மாவா? பாவம், பட்ட பாடு. ஊசி எடுத்தா கை நடுங்கும். அதப் பார்த்துட்டு, இந்தச் சின்னப் பொண்ணு கையால எனக்கு வேணாம்னு பேஷண்ட்டு திரும்பிப் படுத்துக்குவா. பெரிய நர்ஸம்மா எல்லார் முன்னாடியும் கத்துவாங்க. நின்னு நின்னு காலு வீங்கிப் போயி, செருப்ப கையில எடுத்துக்கினு நடந்ததக் கூட நான் பார்த்திருக்கேன். நாஷ்டா வாங்கியாந்து குடுத்தா அது பாட்டுக்கு ஆறிப் போய்க் கெடக்கும்.

இன்னொரு பேஜாரும் இருந்திச்சி. மெட்ராஸ்ல பேஷண்ட்டுங்ககிட்ட மரியாதயா நடந்துக்கணும்னு சொல்லிக் குடுத்திருக்காங்க. ஒரு பொண்ணு புள்ளயத் தூக்கினு ஊட்டுக்குக் கெளம்பறா, இவங்க வாசல் வரைக்கும் வந்து, போய்ட்டு வாங்கன்னு கையக் கூப்புனாங்க. அந்தப் பொண்ணோட மாமியாக்காரிக்கு மூஞ்சே செத்துப் போச்சி. ஆஸ்பத்திரில நின்னுக்கினு திரும்பி வாங்கன்னு யாராவது சொல்லுவாங்களா? சாவு ஊட்லயும் ஆஸ்பத்திரிலயும் வரேன்னும் சொல்லக் கூடாது, வாங்கன்னும் சொல்லக் கூடாது. சத்தமில்லாம எழுந்து போய்க்கினே இருக்கணும். அவங்களுக்குத் தெரியாதா இன்னா? தெரியும். வாய்ப் பழக்கம். ஊட்ல யாராவது போறேன்னு சொன்னா, போறேன்னு சொல்லாத, போய்ட்டு வரேன்னு சொல்லுன்னு நாம எல்லாருந்தான சொல்றோம்? நெனைக்கறதுக்கு முந்தி நாக்கு சொல்லிடுது.

அப்போதான் பூவம்மாளக் கொண்டாந்தாங்க.

தலச்சன். மாசம் முடியல, அதுக்குள்ள வலி. ஊர்லயே வெச்சிப் பார்த்து, முடியாம போயி, கட்ட வண்டில வைக்கோலப் போட்டுப் படுக்க வெச்சிக் கொண்டாந்தாங்க. வளகாப்புப் போட்ட கண்ணாடி வளையலு ரெண்டு கையிலயும் ரொம்பிக் கெடந்திச்சி. புருசன் பச்சையப்பன், நெலம் நீச்சு வெச்சிக்கினு பயிர் பண்றவன், ஆஸ்பத்திரி கேட்டாண்ட நின்னுக்கினு துண்டக் கடிச்சிக்கினு இருந்தான். டாக்டரு காலரா ஊசி போட வெளியூர் போயிருந்தாரு. பெரிய நர்ஸம்மா லீவு. இவங்க ஒருத்தர்தான்.

பொட்டப் புள்ள பொறந்திச்சி, உள்ளங்கையில அடங்கற சைஸு. ஆனா ரத்தம் நிக்கல. குணசுந்தரியம்மா படிச்சது எல்லாத்தயும் செஞ்சாங்க. கட்டில் கால்மாட்டுல செங்கல் வெச்சித் தூக்குனாங்க, அடிவயித்தப் புடிச்சி அமுக்கினே இருந்தாங்க, ஊசி போட்டாங்க. அன்னிக்கு மட்டும் கை நடுங்கல. நடு மத்தியானத்துல நான் அரிக்கன் வெளக்கு புடிச்சிக்கினு நின்னேன்.

பூவம்மா கண்ணத் தொறந்து அவங்களப் பார்த்தா.

"நான் போறேன்க்கா."

குணசுந்தரியம்மா வேலயில இருந்து நிமிராமயே சொன்னாங்க. "போறேன்னு சொல்லாதடி. போய்ட்டு வரேன்னு சொல்லு."

பூவம்மா உதடு லேசா சிரிச்சிச்சி. "போய்ட்டு வரேன்க்கா. புள்ளயப் பாத்துக்கினு இரு."

வளையலு ஒரு தடவ குலுங்கிச்சி. அப்புறம் சத்தமே இல்ல.

அவங்கள நான் குத்தம் சொல்ல மாட்டேன். அந்த எடத்துல நான் நின்னிருந்தாலும் அதயேதான் சொல்லியிருப்பேன்.

பொணத்த வண்டில ஏத்திக்கினு போயிட்டாங்க. ஆத்தாள முழுங்குனது எங்க ஊட்டுக்கு வேணாம், காரியம் முடியட்டும் பாக்கலாம்னு பூவம்மாளோட மாமியாக்காரி சொல்லிட்டா. பச்சையப்பன் புள்ளயப் பார்த்தான், அவனப் பெத்தவளப் பார்த்தான், தலயத் தொங்கப் போட்டுக்கினு போயிட்டான். டாக்டரு வந்து பார்த்துட்டு, இது தங்காதுன்னாரு. பெரிய நர்ஸம்மா லீவுலேர்ந்து வந்தவங்க, நீ வந்த சுருக்குலயே ஒரு சாவு, இதுவும் போச்சின்னா ஒன்ன ஊட்டுக்கு அனுப்ப எழுதிடுவேன்னு சொல்லிட்டாங்க.

எந்த ஊட்டுக்கு அனுப்புவாங்க?

குணசுந்தரியம்மா புள்ளயப் பஞ்சுல சுத்தி, வார்டு இரும்புத் தொட்டில்ல போட்டு, ரெண்டு பக்கமும் வெந்நி பாட்டில் வெச்சி, மைப் பேனாவுக்கு மை ஊத்தற பில்லர கொதிக்க வெச்சி, அதுல சொட்டு சொட்டா பால் வுட்டாங்க. அவங்க தூங்கறதும் அந்தத் தொட்டிலாண்டதான். "இது பொழச்சா நான் பொழச்சேன் ஆயா"ன்னு ஒரு நாள் எங்கிட்ட சொன்னாங்க. புள்ளயும் குடிச்சிச்சி. கையக் கால ஆட்டிச்சி. அவங்க சிரிச்சத நான் அந்த நாளுங்கள்லதான் பார்த்தேன்.

அப்புறம் மத்தியானத்துல மட்டும் புள்ள பில்லர வாயில வாங்கல.

மொதல்ல நாங்க ஒண்ணும் நெனைக்கல. வெயிலுக்கு வேணாம்னு இருக்குதுன்னு வுட்டுட்டோம். மறுநாளும் அப்படியேதான். உதட்ட மூடிக்கினு மூஞ்சத் திருப்பிக்கிச்சி. வயித்தத் தொட்டுப் பார்த்தா ரொம்பி இருந்திச்சி. கடவாயில வெள்ளயா பால் ஒழுகி இருந்திச்சி.

நீங்க குடுத்தீங்களா ஆயான்னு கேட்டாங்க. நான் குடுக்கல.

அந்தப் பால தொடச்சவங்க வெரல வெடுக்குன்னு இழுத்துக்கினாங்க. நானும் தொட்டுப் பார்த்தேன். அந்தக் கத்திரி வெயில்ல அது கெணத்துத் தண்ணி மாதிரி சில்லுன்னு இருந்திச்சி.

அதுலேர்ந்து புள்ள எளைக்க ஆரம்பிச்சிச்சி. அழாது. நல்லா வயிறு ரொம்புன கொழந்த மாதிரி நிம்மதியாத் தூங்கும். ஆனா மத்தியானத்துக்கு மத்தியானம் ஒடம்பு சில்லுன்னு ஆயிக்கினே வந்திச்சி. வெந்நி பாட்டில எத்தினி வெச்சாலும் சூடு ஏறல. டாக்டரு ஒதட்டப் பிதுக்கிட்டாரு.

ஒரு நாள் ரெண்டு பேரும் தொட்டிலாண்டயே ஒக்காந்துக்கினோம். ஜன்னல் எல்லாம் சாத்தியாச்சி. வார்டுல வேற பேஷண்ட்டு இல்ல. கோணிலேர்ந்து தண்ணி சொட்டற சத்தம் மட்டும்.

வெளிய காத்து துளிகூட இல்ல.

கோணி உள் பக்கமா உப்பிச்சி.

ஒரு ஆளு தோள வெச்சித் தள்ளினா எப்படி உப்புமோ அப்படி. அப்புறம் பழயபடி தொங்கிச்சி. பச்ச ஒடம்புக்காரி மேல வருமே பால் கவிச்சி, அந்த வாட என்னத் தாண்டிப் போச்சி.

கண்ணாடி வளையலு குலுங்குற சத்தம்.

புள்ள தூக்கத்துலயே தலயத் திருப்பிச்சி. ஒண்ணுமில்லாத பக்கமாத் திருப்பி, வாயத் தொறந்து, சப்ப ஆரம்பிச்சிச்சி. தொண்டயில மொடக்கு மொடக்குன்னு எறங்கற சத்தம் எனக்குக் கேட்டுச்சி. நான் தொட்டில் கம்பிய கெட்டியாப் புடிச்சிக்கினேன். நானே இப்படின்னா அவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

குணசுந்தரியம்மா எங்காதுல சொன்னாங்க. "நான்தான வரச் சொன்னேன் ஆயா. அவ வந்துக்கினு இருக்கா."

ராவெல்லாம் அழுதாங்க. ஆத்தாளத் தொரத்தற மாதிரி ஆவுதேன்னு அழுதாங்க. ஆனா புள்ள கையில ஐஸா கெடக்குது. பாவம் பார்த்தா புள்ள செத்துப் பூடும். சொன்னதத் திருப்பி வாங்கறதத் தவிர வேற வழி எங்க ரெண்டு பேருக்கும் தெரியல.

மறுநாள் மத்தியானம் கோணி உப்புனப்போ அவங்க எழுந்து நின்னாங்க. ஒரு கைய தொட்டில் மேல வெச்சிக்கினாங்க. வளையல் சத்தம் பக்கத்துல வந்திச்சி. புள்ள தலயத் திருப்பிச்சி.

"போயிடு பூவம்மா. வரேன்னு சொன்னத வுட்டுடு. இனிமே வராத. போறேன்னு சொல்லிட்டுப் போயிடு."

சப்பற சத்தம் நின்னுச்சி.

தண்ணி சொட்டறது மட்டும் கேட்டுச்சி. அப்புறம் எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல, மூச்சு படற தூரத்துல, அந்தக் கொரலு.

"சரிக்கா. போறேன்."

வளையல் சத்தம் வாசப்படி வரைக்கும் போச்சி. கோணி வெளிப் பக்கமா உப்பிச்சி, தொங்கிச்சி. அந்த வாட போச்சி. நான் மாரியாத்தாளக் கையெடுத்துக் கும்புட்டேன். தப்பிச்சோம் தாயின்னு சொல்லிக்கினே அவங்க பக்கம் திரும்பினேன்.

அவங்க பஞ்சப் பிரிச்சிக்கினு இருந்தாங்க. பில்லர புள்ள வாயில வெச்சாங்க. பாலு கடவாயில வழிஞ்சிச்சி. மறுபடியும் வெச்சாங்க, மறுபடியும் வழிஞ்சிச்சி.

நாங்க ரெண்டு பேரும் யோசிக்கல. திரும்பி வரேன்னு சொல்றவதான் புள்ளய வுட்டுட்டுப் போவா. ஒரேயடியாப் போறவ புள்ளயயும் எடுத்துக்கினுதான் போவா.

பச்சையப்பனுக்கு ஆள் அனுப்புனோம். சாயங்காலம் அவன் மட்டும் வந்தான். குணசுந்தரியம்மா புள்ளயக் குளிப்பாட்டி, மையி வெச்சி, புதுத் துணியில சுத்தி, அவங்களே கேட்டு வரைக்கும் தூக்கினு வந்து குடுத்தாங்க. அவன் வாங்கிக்கினு கையக் கூப்ப முடியாம தலய மட்டும் குனிஞ்சான். அழுது அழுது இவங்க கண்ணு ரெண்டும் மூடிக்கெடக்குது. புத்தி எங்கயோ இருக்குது. நாக்கு மட்டும் இருக்குதே.

"போய்ட்டு வாங்க"ன்னுட்டாங்க.

அவனுக்கு மரியாத குடுத்துத்தான் சொன்னாங்க. ஆனா வாங்கங்கற வார்த்த ஒருத்தருக்கும் அதேதான், கூட நிக்கறவங்க எல்லாருக்கும் அதேதான். கேட்டாண்ட வேற யாரும் நிக்கல, என் கண்ணுக்கு. அவன் நடந்தான். ரோட்டுல அவன் பின்னாடி கண்ணாடி வளையல் சத்தம் போறத நான் கேட்டேன். அவங்களும் கேட்டாங்க. பல்லால நாக்கக் கடிச்சிக்கினு கேட்டுக் கம்பியப் புடிச்சிக்கினு நின்னாங்க.

மறுநாள் மத்தியானம் வார்டு காலி. கோணி உப்பிச்சி. வளையல் சத்தம் உள்ள வந்திச்சி. அது கூடவே, இத்தினி நாளா அழாத அந்தப் புள்ள, பசியில அழற சத்தம்.

தொட்டில்ல ஒண்ணுமே இல்ல.

பெரிய நர்ஸம்மா சொன்ன மாதிரியே எழுதிப் போட்டுட்டாங்க. கொஞ்ச நாள்ல ஆர்டர் வந்திச்சி, வேலய வுட்டு நிறுத்தியாச்சின்னு. நைனா ஊட்டுக்குத்தான் போவணும், வாசப்படில நிக்க வெச்சாலும் நின்னுக்கறேன்னாங்க. எனக்கு வயித்தெரிச்சலா இருந்திச்சி. ஆனா ஒரு பக்கம், இங்கேர்ந்து போனா உயிராவது மிஞ்சுமேன்னு நெனச்சேன். மத்தியான ரயிலப் புடிக்கணும். மாட்டு வண்டி கேட்டாண்ட நிக்குது. டிரங்குப் பொட்டிய அவங்களே தூக்கிக்கினாங்க. வார்டு வாசப்படில நின்னு என்னப் பார்த்தாங்க.

"போறேன் ஆயா."

வாய்க்குள்ள வந்தத முழுங்கிட்டேன்.

கோணிக்கு உள் பக்கத்துலேர்ந்து அந்தக் கொரலு, தாழ்ந்து, பாசமா சொல்லிச்சி.

"போறேன்னு சொல்லாதக்கா. போய்ட்டு வரேன்னு சொல்லு."

அவங்க திரும்பிப் பார்க்கல. அப்படியே நின்னாங்க. கேட்டாண்ட வண்டிக்காரன் ரெண்டு தடவ கூப்பிட்டான், அப்புறம் நேரமாச்சின்னு ஓட்டினு போயிட்டான். கவரைப்பேட்டையில ரயிலு வந்து நின்னு போற சத்தமும் கேட்டுச்சி. பொட்டிய கீழ வெச்சாங்க. கையக் கழுவிக்கினு, கோணிய வெலக்கிக்கினு உள்ள போயி, பில்லரக் கொதிக்க வெச்சாங்க.

அதுலேர்ந்து சம்பளமும் கெடையாது, யூனிபாரமும் கெடையாது. போவச் சொன்னவங்களும் சொல்லிச் சொல்லி வுட்டுட்டாங்க. நான் கொண்டு வர கஞ்சியக் குடிச்சிக்கினு அங்கயேதான் இருக்காங்க. தெனம் மத்தியானம் காலித் தொட்டில்ல பில்லர நீட்டிக்கினு ஒக்காந்திருப்பாங்க. நான் எட்ட நின்னு பார்ப்பேன். கீழ ஒரு சொட்டு வுழாது, பில்லர்ல பால் கொறஞ்சிக்கினே வரும்.