கிணற்றில் இறங்காத சிறுமி

சிறுமி கிணற்றுக்குள் இறங்கவில்லை.

லிபுஷா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கிறிஸ்துமஸ் விருந்தன்று தொலைக்காட்சியில் அந்தப் படத்தைப் போடாத ஆண்டே கிடையாது. பிராக் நகரில் அதைப் பார்க்காமல் வளர்ந்த பிள்ளையும் கிடையாது. காணாமல்போன அம்மாவைத் தேடி அண்ணனும் தங்கையும் ஒரு மாயக்கிணற்றில் இறங்குவார்கள். அண்ணனாக நடித்த ராதிம் இன்று நாடறிந்த நடிகன். தங்கையாக நடித்தவள் லிபுஷாதான். மேடையில் எத்தனை ராணி வேடம் போட்டாலும், கடைத்தெருவில் அவளை அந்தச் சிவப்புக் குல்லாய்ச் சிறுமியாகத்தான் எல்லோருக்கும் தெரியும்.

அண்ணன் இறங்கிவிட்டான். பின்னாலேயே இறங்க வேண்டியவள், கிணற்றின் விளிம்பைப் பிடித்தபடி நின்று நேராக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹினெக், இங்க வாயேன்! படத்தை மாத்திட்டாங்க போல."

"மீன் அடுப்புல கிடக்கு," என்றான் சமையலறையிலிருந்து அவள் கணவன். "உன் மூஞ்சியைத்தான் தினமும் பாக்குறேனே!"

கெண்டை மீன் பொரியும் வாசனையும் எண்ணெயின் சடசடப்பும் கூடத்தை நிறைத்திருந்தன. ஆனால் அந்த வாசனைக்கு அடியில், மெல்ல மெல்ல, நெடுங்காலம் மூடிக்கிடந்த கல்லிடுக்கில் பாசி அழுகினாற்போல ஒரு வாடை கசிந்து வந்து, ஜன்னலுக்கு வெளியே பனியோடு இறங்கிக்கொண்டிருந்த மாலை இருட்டுபோல அவளைச் சுற்றிக் கவிந்தது.

தொலைபேசி அடித்தது. ராதிம்.

"லிபு, படம் பாக்குறியா?"

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன். நான் ஏன்டா இறங்கலை?"

எங்கோ நீர் சொட்டியது.

"நான் மட்டும் இறங்கிட்டேன். நீயும் வரணும்ல?"

"பொழுது சாயறதுக்குள்ளேயே ஊத்திக்கிட்டியா?"

"மேல வெளிச்சம் சின்னதா தெரியுது, லிபு. தண்ணி கழுத்து வரைக்கும் வந்துடுச்சு."

அந்த வார்த்தைகள் தொலைபேசியிலிருந்து வந்தன. ஒரு நொடி கழித்து, தொலைக்காட்சியிலிருந்தும் வந்தன.

அந்தக் கிணறு படப்பிடிப்புக்காக அட்டையில் செய்தது. அதில் ஒருநாளும் தண்ணீர் இருந்ததில்லை.

சிறுமி இப்போது கிணற்றோரம் இல்லை. கிட்டே வந்திருந்தாள். திரை முழுக்க அவள் முகம். கண் இமைக்கவில்லை.

லிபுஷா ரிமோட்டை அழுத்தினாள். அணையவில்லை. மறுபடி அழுத்தினாள். உள்ளிருந்து கண்ணாடிமேல் ஒரு சின்ன உள்ளங்கை பதிந்தது.

வயரைப் பிடுங்கக் குனிந்து சுவரைத் தடவினாள்.

கல்.

ஈரக் கல்.

நிமிர்ந்தாள். கூடம் இல்லை. அவள் கை கிணற்றின் விளிம்பில் இருந்தது. தலைக்குமேல் பனி. எதிரே இருட்டில், எட்டாத தூரத்தில், ஒரு சதுர வெளிச்சம். அதற்குள் அவளுடைய சோபா. சோபாவில் சிவப்புக் குல்லாய். தரையைத் தொடாத கால்கள்.

ஹினெக் தட்டோடு வந்தான். சிறுமியை ஒட்டி உட்கார்ந்தான்.

"ஹினெக்! நான் இங்க இருக்கேன்! ஹினெக்!"

அவன் நிமிர்ந்து லிபுஷாவை நேராகப் பார்த்தான். படம் பார்ப்பவனாய்ச் சிரித்தான்.

"அந்த வயசுலேயே என்னமா கத்தியிருக்க, பாரு," என்று சொல்லிச் சிறுமியின் தோளில் கைபோட்டுக்கொண்டான்.

கிணற்றுக்குள்ளிருந்து நீண்டு வந்தது, தோல் சுருங்கி ஊறிப்போன ராதிமின் கிழட்டுக் கை. லிபுஷாவின் கணுக்காலைப் பற்றியது. இழுத்தது.