நல்லா ஊறட்டும்

அன்று மழை பெய்ததா, வெறும் மூட்டமா என்று சத்தியம் பண்ணச் சொன்னால் என்னால் முடியாது. வாளியின் நிறத்தில்கூட அக்காவும் தங்கையும் இன்றுவரை ஒத்துப்போவதில்லை. சில இடங்களில் நினைவு பிசகியிருக்கலாம். பேசிய வார்த்தைகள் மட்டும் பிசகவில்லை.

மதியம். அக்கா உள்ளே வந்தபோது தங்கையின் அறையில் குழந்தையின் கட்டில் இல்லை. அதன் கால்கள் அழுந்திய தடங்கள் மட்டும் தரைவிரிப்பில் இருந்தன.

"பாப்பா எங்கடி?"

"மாடியில, அவரோட ரூம்ல. என்கிட்ட இருந்தா ஒட்டிக்குமாம்." தங்கை இடுப்பைச் சொறிந்தாள். நகத்தடியில் ரத்தம். "ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லிட்டார். இப்ப வேற கதை. எனக்குப் புத்தி பிசகிடுச்சாம். நாளைக்குக் கோர்ட்ல அதைச் சொல்லி பாப்பாவை வாங்கிடுவார்க்கா."

விவாகரத்து கேட்டு வழக்குப் போட்டவள் தங்கைதான். வீட்டை விட்டுப் போனால் குழந்தையை விட்ட கணக்காகிவிடும் என்று வக்கீல் சொன்னதால் அங்கேயே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

அக்கா போலீஸ் இன்ஸ்பெக்டர். ஸ்டேஷனில் 'கல்லு' என்று பட்டப்பெயர். ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள். எதிரில் இருப்பவர் அந்த மௌனம் தாங்காமல் தானே பேசிவிடுவார். இப்போதும் அப்படித்தான் உட்கார்ந்தாள்.

தங்கை சொன்னாள். கோடைத் தொடக்கத்தில் முதுகில் வேர்க்குரு மாதிரி ஏதோ வந்தது. மெஷினில் போடும் சோப்புத்தூள் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, உங்கள் துணியை மட்டும் தனியாகக் கையால் அலசுங்கள் என்றார் தோல் டாக்டர். அதற்கப்புறம்தான் அரிப்பு பேயாட்டம் போட்டது. இடுப்பு, கழுத்து, அக்குள், மணிக்கட்டு. தோலைச் சுரண்டிப் பார்த்தார்கள். பூஞ்சை இல்லை, பூச்சி இல்லை. ரத்தத்திலும் ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்து, அவர்கள் கொடுத்த அங்கியில், அவர்கள் விரித்த படுக்கையில் கிடந்தபோது ஒரே வாரத்தில் ஆறிவிட்டது. வீட்டுக்கு வந்த மறுநாளே பழையபடி. அப்படியானால் மனசுதான் என்று டாக்டர் முடிவு கட்டி, சான்றிதழும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

"அதோட நான் ஒண்ணு உளறிட்டேன். அத்தை ஃபோன்ல 'நல்லா ஊறட்டும், நல்லா ஊறட்டும்'னு சிரிச்சாங்க. எனக்கு உடம்பெல்லாம் அரிச்சு ஊறுது, அவங்க ஊறட்டும்னு சாபம் விடறாங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். துணியைச் சொன்னதாம். அதுலேர்ந்து நான் பைத்தியம்."

அக்கா எழுந்து கொல்லைப்புறக் குளியலறைக்குப் போனாள். தங்கையின் மாமியார் வாளியின் முன் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க இன்ஸ்பெக்டரம்மா. விலங்கு கொண்டாந்தீங்களா, இல்ல கயிறுதானா?"

"நல்லா ஊறட்டும்னு சொன்னீங்களா அத்தை?"

"சொன்னேன். துணி ஊற வச்சிருந்தேன், ஊறட்டும்னேன். வேற எப்படிச் சொல்றது? உங்க தங்கச்சி துணியை மாடு மாதிரி துவைக்கிறேன். எனக்குக் கிடைச்ச பேரு சூனியக்காரி."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"எம் பையன்கிட்ட. ஊற வச்சியாம்மான்னு கேட்டான்."

அக்கா வாளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"அவனோட வேலைச்சட்டை இருக்கே, முரட்டுத் துணி. ஊறினாத்தான் சரிப்படும். மெஷின்ல போட்டா மெஷின் கெட்டுடும்னான். சரி, இவ துணிதான் வாளியில கிடக்கே, சேர்த்துப் போடுன்னான்."

மாமியாரின் கைகள் சிவக்காமல், மெத்தென்று இருந்தன. குழாயில் முழங்கை நீளத்துக்கு ரப்பர் கையுறை தொங்கியது.

"அதுவும் அவன் வாங்கிக் குடுத்ததுதான். இதைப் போடாம வாளியில கை வைக்காதேம்மான்னு அத்தனை தடவை சொன்னான். எந்தப் பையன் இப்படிப் பார்த்துக்குவான், சொல்லுங்க?"

அக்கா யாருக்கோ ஃபோன் செய்தாள். பிறகு தோல் டாக்டருக்கு.

மாலை. தங்கையின் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்தார். குளிர்கிடங்குகளின் சுவருக்குள் பஞ்சு அடைக்கும் வேலை எடுத்துச் செய்பவர். அவரிடம் ஏழெட்டு ஆட்கள். கூடத்தில் டாக்டரைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்னக்கா, கச்சேரியா?"

டாக்டர் சிரிக்கவில்லை. அவர் கையில் தங்கையின் துவைத்த இரவு அங்கி. கழுத்துப்பட்டையைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் பிடித்திருந்தார்.

"ஊசி ஊசியா இருக்கு. கண்ணாடிப் பஞ்சு, கண்ணாடியை இழையா இழுத்தது. தோல்ல குத்தி அரிக்கும். தோலைத்தான் பார்த்தேன், துணியைப் பார்க்கவே இல்லை" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம்" என்றாள் அக்கா. "அரிப்பா, துணியான்னு எல்லாரும் அடிச்சுக்கிட்டீங்க. துணின்னு தெரிஞ்சதும் நிம்மதியா விட்டுட்டீங்க. எதோட சேர்ந்து ஊறிச்சுன்னு ஒருத்தரும் கேக்கலை."

"அய்யோ, எனக்குத் தெரியாதுக்கா!" என்றார் அவர். "சட்டையில இருக்கிற தூசி இப்படிப் பண்ணும்னு யார் கண்டது? அம்மா தெரியாம..."

"உங்க ஆளுங்ககிட்ட பேசினேன். எல்லா வேலைச்சட்டையையும் கிடங்கிலேயே அலசறாங்க. உங்க சட்டையும் அங்கதான் அலசினாங்க, கோடை வரைக்கும். அப்புறம்தான் வீட்டுக்கு வந்திருக்கு. மெஷின்ல போட்டா உங்க துணிக்கும் பாப்பா துணிக்கும் அந்தப் பஞ்சு வந்திடும்னு மெஷினைக் காப்பாத்தினீங்க."

"அதெல்லாம் நீங்களா கட்டற கதை."

"சரி. தெரியாதுன்னே வச்சுக்குவோம். அப்ப அம்மாவுக்குக் கையுறை எதுக்கு மாப்பிள்ளை?"

அவர் வாயைத் திறந்தார். பார்வை அம்மாவின் கைகளுக்குப் போனது. அக்கா காத்திருந்தாள். மாடியில் குழந்தை ஏதோ பொம்மையை உருட்டும் சத்தம் கேட்டது.

மாமியார்தான் முதலில் பேசினாள். தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீ அதை வாங்கிட்டு வந்தப்ப எனக்கு அழுகையே வந்துடுச்சுடா" என்றாள். "என் கையாலயே ஏண்டா இதைச் செய்ய வச்சே?"



குழந்தை அம்மாவிடமே இருக்கட்டும் என்று கோர்ட் சொன்னது. வீட்டுக்காரருக்குச் சிறை, வெளியே வந்ததும் வேறு ஊருக்குப் போய்விட்டார். டாக்டர் தன் சான்றிதழைத் தானே கோர்ட்டில் வந்து திரும்பப் பெற்றுக்கொண்டார். தங்கையின் தோல் ஆறியது, மணிக்கட்டில் மட்டும் தழும்பு. அக்கா அதே ஸ்டேஷனில் இருக்கிறாள். மாமியார் மகனைப் பார்க்க ஒருதரமும் போகவில்லை. பேத்தியைப் பார்க்க வருவாள். மருமகள் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.