கதவோரப் பெஞ்சு

"கட்டடத்துக்குக் குளிருமாம்மா?"

வாலு ஒருநாள் இப்படிக் கேட்டதும் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"குளிரும்டி. அதுக்குப் போர்வை போர்த்துறதுதான் என் வேலை."

அம்மா எஞ்சினியர். குளிர் மிகுந்த மலையூரில் பழைய கல்லூரி ஒன்றைப் புதுப்பிக்கும் திட்டம் அவள் கையில் இருந்தது. கல்லூரியின் அடித்தளத்தில் ஒரு கிழட்டுக் கொதிகலன் எண்ணெயைக் குடித்துப் புகையைக் கக்கியபடி அறைகளைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டுக் கூரையில் சூரியத் தகடுகள் வைக்க வேண்டும். அதற்குமுன், வெப்பம் எங்கெங்கே வீணாகிறது என்று பார்க்க வேண்டும்.

மழை பெய்த ஒரு விடுமுறை நாளில் வாலுவும் கூடப் போனாள். வெப்பத்தைச் சிவப்பாகக் காட்டும் கேமரா அவள் கையில். வாசலருகே, மாடிப்படிக்கு அடியில், அதன் திரை செக்கச்செவேல் என்று ஆனது.

அங்கே கொதிகலனிலிருந்து வரும், உறை கிழிந்த குழாய் ஒன்று. அதை ஒட்டி வாட்ச்மேன் மாமா உட்கார்ந்திருந்தார். குழாயின்மேல் அவருடைய ஈரக் காலுறைகள்.

"வா பாப்பா, இதுதான் என் அரண்மனை! அடடா, தொப்பலா நனைஞ்சிருக்கியே!"

தன் காலுறைகளை எடுத்துவிட்டு அவளுடையவற்றைக் காயப்போட்டார்.

"உங்களோடது இன்னும் காயலியே மாமா?"

"என் கால் எருமைக்கால். அதுக்கு ஒண்ணும் ஆகாது."

அவளுடைய காலுறைகள் காய்ந்த நேரத்தில் அம்மா வந்தாள்.

"கடவுளே, எவ்வளவு வெப்பம் வீணாப் போகுது! முதல்ல இந்தக் குழாயைக் கழட்டணும்." வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் குறி போட்டாள்.

"நல்ல காரியம்மா. புகை குறையட்டும்," என்று மாமா சிரித்தார். பிறகு ஈரக் காலுறைகளையே மாட்டிக்கொண்டு எழுந்தார்.

அன்று மாலை வரைபடம் சாப்பாட்டு மேசையில் விரிந்து கிடந்தது. வாலு ரப்பரை எடுத்தாள். குறியை அழித்துவிட்டால்? ஆனால் கொதிகலன் புகை கக்கிக்கொண்டேதானே இருக்கும்? ரப்பரைக் கீழே வைத்தாள். மாமாவுக்கு வேண்டியது உறை கிழிந்த குழாயா? இல்லையே, வாசலைப் பார்த்தபடி உட்காரக் கதகதப்பாய் ஓர் இடம்தானே!

பென்சிலால் கதவோரம் ஒரு பெஞ்சு வரைந்தாள். அதன் அடியில் குட்டி ஹீட்டர். பக்கத்தில் ஒரு கம்பி.

"கம்பி எதுக்குடி?" என்று காலையில் அம்மா கேட்டாள்.

"காலுறை காயப்போட. மாமாவுக்கு."

அம்மா வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு பேனாவை எடுத்துப் பென்சில் கோடுகளின்மேல் நிதானமாக வரைந்தாள்.

அடுத்த குளிர்காலத்தில் கல்லூரியின் புகைபோக்கி ஓய்ந்திருந்தது. மாமா புதுப் பெஞ்சில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்.

"யாரு பெத்த புள்ளை யோசிச்சதோ, கம்பிகூட வச்சிருக்கு பாரு பாப்பா!"

"ஆமா மாமா!" வாலு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

மாமா சாவிக்கொத்துடன் கட்டடத்தைச் சுற்றிவரப் போனார். கம்பியில் அவருடைய காலுறைகள் ஒரு பக்கம் மட்டும் காய்ந்திருந்தன. வாலு அவற்றை மெல்ல மறுபக்கம் திருப்பிப் போட்டுவிட்டு, அம்மாவைத் தேடி ஓடினாள்.