கண்ணை எடுக்காதீங்க

"அம்மா" என்று நார்மன் கூப்பிட்டான். கோளாறு அதில்தான்.

காலையில்தான் அவன் கழுத்தில் துளை போட்டு வெள்ளிக் குழாய் செருகியிருந்தார்கள். தொண்டை வீங்கி, நாய்க்குட்டிபோலக் குரைத்து இருமியவனை ஈரக்காற்று நிரம்பிய பிளாஸ்டிக் கூடாரத்தில் கிடத்தியும் மூச்சுத் திணறல் தீரவில்லை. பெரிய டாக்டர் பரிவாரத்தோடு எழுந்தருளித் துளையிட்டார். தம் கைத்திறனைத் தாமே இங்கிலீஷில் மெச்சிக்கொண்டார். தாய் என்று ஒருத்தி இருப்பது வாசலுக்குப் போனபிறகே நினைவு வந்தது. "குழாய் இருக்கிற வரைக்கும் ஆவாஸ் நஹீ ஆயேகி." பரிவாரம் தலையாட்டியது. குரல் வராது. போபோடியில் குடித்தனம் செய்யும் தாய் ஈனிடுக்கு அந்த அளவு ஹிந்தி புரியும்.

மனுஷர் பேச்சில், மலையாளம் கலந்த தமிழில், சொன்னவள் லீலா சிஸ்டர்தான். "சேச்சி, குழாய்ல சளி அடைச்சா கொச்சுக்கு அழக்கூட ஒக்காது, கேட்டோ. கண்ணை எடுக்காதீங்க. அடைச்சா ஓடி வந்து விளிக்கணும்."

கணவன் லூர்து ஆகுர்டி தொழிற்சாலையில் ஷிப்டில் இருந்தான். "லீவு கேட்டா சூபர்வைசர் என்னமோ அவன் கிட்னியைக் கேட்டாப்ல பாக்கறான்டி" என்று போனவன்தான். பார்வை நேரம் முடிந்து வார்டு காலியாகிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பகலையே கரைத்துவிடும் மழை. ஈரச் சுவரும் ஸ்பிரிட்டும் கலந்த வாடை. ஆக்சிஜன் ஜாடியில் தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம். அதற்கடியில், குழாய் வழியே பிள்ளையின் மூச்சு. உஸ்... உஸ்...

"அம்மா."

பனிபடர்ந்த பிளாஸ்டிக்கை ஈனிட் துடைத்துப் பார்த்தாள். நார்மன் தூங்கினான். உதடுகள் மூடியிருந்தன.

குரல் தாழ்வாரத்திலிருந்து வந்திருந்தது. அதே கரகரப்பு. அதே குரைப்பு. காலையில் இந்தத் தொண்டையை விட்டுப் போன குரல்.

"அம்மா, வா."

இப்போது வார்டுக்குள். கைகழுவும் தொட்டிப் பக்கம்.

போகத் துடித்தன கால்கள். போகவில்லை. குழாய். குழாயை மட்டும் பார். உஸ்... உஸ்...

"அம்மா."

அவள் ஸ்டூலுக்குப் பின்னால்.

"சிஸ்டர்!" என்று கத்தினாள். மழை விழுங்கிவிட்டது.

முதுகில் ஏதோ தொற்றி ஏறியது. பழகிய கனம். தினமும் சுமக்கிற கனம். குளிர்ந்து நனைந்த இரண்டு சின்ன உள்ளங்கைகள் பின்னாலிருந்து வந்து அவள் கண்களைப் பொத்தின.

"நான் யாரு, சொல்லு?"

பிய்த்தெடுக்கப் பார்த்தாள். விரல்கள் இறுகின.

எதிரே, கூடாரத்துக்குள், உஸ்ஸென்ற சத்தம் நின்றது.

கைகள் விலகவில்லை.